பதில் போடாதவர்களின் மின்சாரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சிறு நகரங்களில் வீட்டுக்கு வீடு தபாலில் ஒரு கடிதம் வரும். உறையின் மேல் நகர நிர்வாகத்தின் முத்திரை இருக்கும். உள்ளே இருக்கும் செய்தி சில வரிகளில் அடங்கிவிடும்: எல்லா வீடுகளுக்கும் சேர்த்து மொத்தமாக மின்சாரம் வாங்க உங்கள் நகரம் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, இன்ன தேதியிலிருந்து அந்த விலையில் உங்களுக்கு மின்சாரம் வரும், வேண்டாம் என்றால் இத்துடன் உள்ள அட்டையில் கையெழுத்திட்டு அனுப்புங்கள், தபால் செலவு எங்களுடையது. முப்பது நாள் அவகாசம். பலர் அந்த உறையைப் பிரிப்பதேயில்லை. பிரித்தவர்களிலும் அட்டையை அனுப்புகிறவர்கள் வெகு சிலர். அவகாசம் முடிந்து அடுத்த முறை மீட்டர் கணக்கெடுக்கும்போது, அந்த வீட்டு மின்சாரத்தின் விலையும் அதில் காற்றாலைக்கும் சூரியப் பலகைக்கும் உரிய பங்கும் மாறியிருக்கும். கம்பியும் மீட்டரும் பழையவைதாம். பில் அனுப்புவதும் பழைய கம்பெனியே.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு நகரக் குழு இருக்கிறது. எரிசக்திக் குழு, நிலைத்தன்மைக் குழு, பருவநிலைக் குழு என்று ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். சம்பளம் வாங்காத ஐந்தாறு பேர், மாலை நேரங்களில் நகரமன்றக் கட்டடத்தின் ஓர் அறையில் கூடி, ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து அந்தக் கடிதம்வரை வந்து சேர்ந்திருப்பார்கள். சூழலியல் பேச்சில் மக்களின் மனத்தை மாற்றுவதைப் பற்றித்தான் நாம் அதிகம் கேட்கிறோம். இவர்கள் பிடித்த வழி வேறு. யாருடைய மனமும் மாறாவிட்டாலும் காரியம் நடக்கும்படி ஏற்பாட்டை மாற்றினார்கள். அந்த வழியின் வலுவும் அதில் உள்ள கோளாறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பது என் எண்ணம்.

இது புரிய அந்த ஊர் மின் பில்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு மின்சாரம் தருவது ஒரே அரசு நிறுவனம். தொகையைக் கட்டினால் கதை முடிந்தது. மாசசூசெட்ஸ் பில்லில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று, மின்சாரம் என்ற சரக்கின் விலை. மற்றது, அதைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி. கம்பி வைத்திருப்பவை எவர்சோர்ஸ், நேஷனல் கிரிட் போன்ற கம்பெனிகள். புயலில் கம்பம் சாய்ந்தால் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். சரக்கை யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். யாரையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்காக, கம்பிக் கம்பெனியே சந்தையில் மொத்தமாக வாங்கி லாபம் வைக்காமல் கைமாற்றிவிடும். இதற்கு அடிப்படைச் சேவை என்று பெயர். வீடுகளுக்கு இதன் விலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும்.

பில்லை இப்படிப் பிளந்தது 1997ஆம் ஆண்டின் மின்துறைச் சீரமைப்புச் சட்டம். அதுவரை மின்சாரத்தை உண்டாக்குவது, கடத்துவது, விற்பது எல்லாம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. புதிய சட்டத்தை ஒட்டி அந்தக் கம்பெனிகள் மின்நிலையங்களை விற்றுவிட்டுக் கம்பியோடு நின்றன. 1998 மார்ச்சில் போட்டிச் சந்தை திறந்தது. நீண்ட தூரத் தொலைபேசியில் நடந்ததுபோல இதிலும் கம்பெனிகள் வரிசையில் நின்று விலையைக் குறைக்கும் என்று அன்று பேசப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சட்டத்தை ரத்துசெய்யக் கோரிய பொதுவாக்கெடுப்பு தோற்றது, சட்டம் நின்றது.

போட்டியில் ஆதாயம் அடைந்தவை ஆலைகள், பல்கலைக்கழகங்கள், பெரிய கட்டடங்கள் வைத்திருப்பவர்கள். மாதம் அறுநூறு யூனிட் செலவழிக்கும் குடும்பத்தைத் தேடி நல்ல வியாபாரி யாரும் வரவில்லை. ஒவ்வொரு வீடாக ஆள் பிடிக்கும் செலவுக்கு அந்தச் சிறு லாபம் கட்டுபடியாகாது. கட்டுபடியாகும்படி செய்துகொள்ளத் தெரிந்தவர்கள்தான் வந்தார்கள். வீட்டுக் கதவைத் தட்டி, முதல் சில மாதங்களுக்கு மலிவான விலையைக் காட்டிக் கையெழுத்து வாங்கி, பிறகு விலையை ஏற்றிவிடுகிறவர்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த மோரா ஹீலி 2018 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. 2015 ஜூலை முதல் 2017 ஜூன் வரையிலான இரண்டே ஆண்டுகளில், தனியாகச் சப்ளையரைத் தேர்ந்தெடுத்த வீடுகள் அடிப்படைச் சேவையில் சும்மா இருந்திருந்தால் கட்டியிருக்கக்கூடியதைவிட 17.68 கோடி டாலர் அதிகம் கட்டியிருந்தன. ஏழைக் குடும்பங்கள் இதில் சிக்கிய விகிதம் மற்றவர்களைப்போல இரண்டு மடங்கு. வீடுகளுக்கான இந்தத் தனிநபர்ச் சந்தையையே மூட வேண்டும் என்று அறிக்கை கேட்டுக்கொண்டது. தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைப் பயன்படுத்தியவர்கள் நஷ்டப்பட்டார்கள், பயன்படுத்தாதவர்கள் தப்பினார்கள். பொருளியல் பாடப் புத்தகங்கள் இந்த இடத்தை எப்படிக் கடந்துபோகின்றன என்று யாராவது பார்த்துச் சொல்லலாம்.

ஆனால் அந்த 1997 சட்டத்திலேயே இன்னொரு கதவும் இருந்தது. மாநிலச் சட்டத் தொகுப்பின் 164ஆம் அத்தியாயம், 134ஆம் பிரிவு. ஒரு நகரம் தன் எல்லைக்குள் இருக்கும் மின்நுகர்வோர் அனைவரையும் ஒன்றாகத் திரட்டி, அவர்கள் சார்பில் சரக்கை வாங்கலாம் என்று அது சொல்கிறது. சேர விரும்புகிறவர் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. விரும்பாதவர்தான் விலகிக்கொள்ள வேண்டும். மாநிலச் செனட்டின் எரிசக்திக் குழுவில் பணியாற்றிய பால் ஃபென் இந்த யோசனைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். பின்னால் கலிஃபோர்னியா 2002இல் கொண்டுவந்த இதேபோன்ற சட்டத்திலும் அவர் பங்கு உண்டு. இந்தப் பிரிவை முதலில் கையில் எடுத்தது கேப் காட் தீபகற்பமும் பக்கத்தில் இருக்கும் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவும். அங்குள்ள 21 நகரங்கள் சேர்ந்து 1997இலேயே கேப் லைட் காம்பாக்ட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. நாட்டிலேயே இவ்வகையில் அது முதலாவது. வீடுகளுக்குக் காப்புறை போடுவது, பழைய சாதனங்களை மாற்றுவது போன்ற மின்சிக்கன வேலைகளையும் மற்ற ஊர்களில் கம்பிக் கம்பெனிகள் நடத்த, இங்கே இந்தக் கூட்டமைப்பே நடத்துகிறது.

மற்ற ஊர்கள் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. மார்ல்பரோ 2006இல் வந்தது. பெரும் அலை எழுந்தது 2014க்குப் பிறகுதான். மாநிலத்தின் 351 நகரங்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை இன்று இந்த வழியில் மின்சாரம் வாங்குகின்றன. பாஸ்டன், வூஸ்டர், கேம்பிரிட்ஜ் ஆகியவையும் இதில் அடக்கம்.

குழுவின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் அதில் பசுமை கொஞ்சம், காகிதம் அதிகம். உறுப்பினர்களை நகரத்தின் நிர்வாக வாரியமான செலக்ட் போர்டு நியமிக்கிறது. ஓய்வுபெற்ற பொறியாளர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர் என்று கலவையாக இருப்பார்கள். திறந்த கூட்டச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 48 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பொதுவில் ஒட்ட வேண்டும். குறிப்பேடு எழுதிச் சேமிக்க வேண்டும். பெரும்பான்மை உறுப்பினர்கள் தங்களுக்குள் மின்னஞ்சலில் விவாதித்து ஒரு முடிவுக்கு வருவதுகூடச் சட்டமீறல். வாட்ஸாப் குழுவில் பாதி நிர்வாகம் நடத்தும் நமக்கு இது விசித்திரமாகப் படும்.

முதல் பெரிய படி டவுன் மீட்டிங். மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் பழைய ஊர்ச்சபை இது. சிறு ஊர்களில் வாக்காளர் யாரும் வந்து உட்கார்ந்து கை தூக்கலாம். பெரிய ஊர்களில் அதற்கென்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1775இல் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கிச் சண்டை நடந்த லெக்சிங்டனில் அவர்கள் 189 பேர். பேசப்போகும் பொருள்கள் எல்லாம் எண் போட்டு, வாரண்ட் என்ற சிறு புத்தகமாக முன்பே வந்துவிடும். பள்ளிக்கூட நிதி, தீயணைப்பு வண்டி, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு நடுவே ஒரு எண்ணாக மின்சாரத் திரட்டலும் இருக்கும். நகரம் எதற்கு வியாபாரத்தில் இறங்க வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்பார். என் வீட்டு மின்சாரத்தை என்னைக் கேட்காமல் மாற்ற உங்களுக்கு என்ன உரிமை என்பார் இன்னொருவர். இரண்டாவது கேள்வி நியாயமானது. எந்த மாதமும் அபராதம் இல்லாமல் விலகலாம் என்று குழுவினர் சொல்லும் பதில் அதற்குப் பாதிப் பதில்தான்.

சபை ஒப்புக்கொண்ட பிறகு, மாநில எரிசக்தித் துறையுடன் கலந்து பேசி ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும். எல்லாருக்கும் கிடைப்பது, தடையில்லாமல் கிடைப்பது, எல்லா வகை நுகர்வோரையும் நியாயமாக நடத்துவது ஆகியவற்றுக்கு அதில் உறுதி இருக்க வேண்டும். பிறகு அது மாநிலப் பொதுப்பயன்பாட்டுத் துறைக்குப் போகும். அங்கே மாதங்கள் ஓடும். சில ஊர்களின் கோப்புகள் இரண்டு ஆண்டுக்கு மேலும் கிடந்தன. பாஸ்டன் நகர மன்றம் 2017இல் அனுமதி கொடுத்தது. அந்த மின்சாரம் வீடுகளுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். 2024இல்தான் அந்தத் துறை வழிகாட்டு விதிகளையும் ஒரு மாதிரித் திட்டத்தையும் வகுத்து, அதைப் பின்பற்றும் ஊர்களுக்கு விரைவில் அனுமதி என்று சொன்னது.

இத்தனை ஆண்டு பொறுமைக்குப் பிறகு வரும் கடைசிக் கட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மொத்தச் சந்தையில் விலை ஓயாமல் அசைவதால், சப்ளையர் காலையில் சொல்லும் விலை அன்று மாலை வரைதான் செல்லும். அதற்குள் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை நகர மேலாளருக்கோ வேறொருவருக்கோ முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஊர் முழுதும் கட்டப்போகும் விலை அந்த ஒரு பிற்பகலில் தீர்மானமாகிறது.

இங்கே ஆலோசகரின் பங்கைச் சொல்ல வேண்டும். விலைப்புள்ளி கேட்பது, கடிதம் அச்சடிப்பது, சட்ட ஆவணம் தயாரிப்பது எல்லாவற்றையும் நடத்துவது பெரும்பாலும் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம். நகரம் அதற்குப் பணம் தருவதில்லை. யூனிட்டுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு விலையிலேயே சேர்ந்திருக்கும். கண்ணில் படாத தொகை. ஆனால் மாதம் 600 யூனிட் செலவழிக்கும் பத்தாயிரம் வீடுகள் உள்ள ஊர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 72,000 டாலர் வருகிறது. வேலைக்கு அது அதிகமா குறைவா என்பது இருக்கட்டும். மின்சாரம் எவ்வளவு விற்கிறதோ அவ்வளவு கூலி என்ற ஏற்பாட்டில், செலவைக் குறையுங்கள் என்று சொல்ல ஆலோசகருக்கு ஒரு காரணமும் இல்லை. குழு அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டின் பலன் மக்களுக்குக் கண்ணில் பட்டது 2022 குளிர்காலத்தில். நியூ இங்கிலாந்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. பனிக்காலத்தில் அதே வாயு வீட்டுக் கணப்புக்கும் வேண்டும். வரும் குழாய்களோ போதாது. பற்றாக்குறையைக் கப்பலில் வரும் திரவ வாயு ஈடுகட்டும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அந்தக் கப்பல்களுக்கு ஐரோப்பா எந்த விலையும் கொடுக்கத் தயாராக நின்றது. நேஷனல் கிரிட் தன் அடிப்படைச் சேவை விலையை நவம்பர் 1 முதல் யூனிட்டுக்கு 33.9 சென்ட் என்று அறிவித்தது. முந்தைய குளிர்காலத்தில் அது 14.8 சென்ட். 600 யூனிட் செலவழிக்கும் வீட்டின் மொத்த பில் 179 டாலரிலிருந்து 293 டாலராக ஏறும் என்று கம்பெனியே கணக்குச் சொன்னது. ஓரிரண்டு ஆண்டுக்கு முன்பே நிலையான விலையில் ஒப்பந்தம் போட்டிருந்த ஊர்களில், உறையைப் பிரிக்காமல் குப்பையில் போட்ட குடும்பங்கள்கூட அந்த ஏற்றத்திலிருந்து தப்பித்தன.

அதைத் திறமை என்று கொண்டாடத் தயக்கமாக இருக்கிறது. பாதி அதிர்ஷ்டம். ஒப்பந்தம் முடியும் மாதம் அதே நெருக்கடியில் வந்து விழுந்திருந்தால், உச்ச விலையில் இரண்டு ஆண்டுக்குக் கையெழுத்திட நேர்ந்திருக்கும். அடிப்படைச் சேவை பின்னால் இறங்கும்போது ஊர் மட்டும் மேலேயே நின்றிருக்கும். சேமிப்புக்கு உறுதி இல்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியிருப்பது வெறும் சட்டச் சடங்கு அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆடும் விலைக்குப் பதில் நீண்ட காலம் நிற்கும் விலை. இந்த ஏற்பாடு உண்மையில் தருவது அதுதான். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அதுவே பெரிது.

பசுமைப் பங்குக்கு வருவோம். இங்கேதான் குழுக்கூட்டங்கள் சூடாகும், கணக்கும் நுணுக்கமாகும். கம்பியில் வரும் மின்சாரத்தில் எது காற்றாலையில் பிறந்தது, எது வாயுவில் பிறந்தது என்று பிரிக்க வழியில்லை. அதனால் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் ஆயிரம் யூனிட் உற்பத்தியானால் அதற்கு ஒரு சான்றிதழ் உண்டாகிறது. மின்சாரம் ஒரு பக்கம் விற்கும், சான்றிதழ் தனியாக விற்கும். அதை வாங்கிக் கணக்கிலிருந்து நீக்குகிறவருக்குத்தான் பசுமை மின்சாரம் பயன்படுத்தினேன் என்று சொல்லும் உரிமை. மாநிலச் சட்டப்படி மின்சாரம் விற்கும் கம்பெனி ஒவ்வொன்றும் தன் விற்பனையில் ஒரு பங்குக்குப் புதிய ஆலைகளின் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும். 2003இல் அந்தப் பங்கு 1 சதவீதம். 2020இல் 16, 2024இல் 24. நகரக் குழு செய்யக்கூடியது, இந்தக் கட்டாயத்துக்கு மேல் இன்னும் எவ்வளவு, எந்தச் சான்றிதழ் என்று முடிவெடுப்பது.

எந்தச் சான்றிதழ் என்பதில்தான் சூட்சுமம். டெக்சாஸின் பழைய காற்றாலைச் சான்றிதழ் மிக மலிவு. அந்த ஆலைகள் எப்படியும் ஓடிக்கொண்டிருப்பவை. இன்னொரு மாநிலத்தின் சிறு நகரம் அந்தக் காகிதத்தை வாங்கியதால் அங்கே ஒரு விசிறிகூடக் கூடுதலாகச் சுற்றாது. நூறு சதவீதம் பசுமை என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போடலாம், செலவும் தெரியாது. நியூ இங்கிலாந்துக்குள் பாயும் மின்சாரத்துக்கான முதல் வகைச் சான்றிதழ் அப்படியல்ல. மாநிலக் கட்டாயத்தை நிறைவேற்றவும் அதே சான்றிதழ்தான் தேவைப்படுவதால், நகரம் கூடுதலாக வாங்கும்போது தேவை ஏறுகிறது. புது ஆலை கட்ட நினைப்பவருக்கு அந்த வருமானம் ஒரு காரணமாகிறது. சான்றிதழ் கிடைக்காத சப்ளையர் அரசுக்குக் கட்டும் ஈட்டுத்தொகைதான் இதன் விலைக்கு உச்சவரம்பு. 2023 முதல் அது ஆயிரம் யூனிட்டுக்கு 40 டாலர், அதாவது யூனிட்டுக்கு 4 சென்ட். 600 யூனிட் வீடு 2024இல் மீதி 76 சதவீதத்தையும் இந்த வகையிலேயே வாங்கினால், அதிகபட்சம் மாதம் 18 டாலர் கூடும்.

அந்த 18 டாலரை யார் தலையில் ஏற்றுவது? டெட்ஹாமும் மெல்ரோஸும் 2016இல் கட்டாயத்துக்கு மேல் வெறும் 5 சதவீதம் கூட்டின. பில்லில் தெரியாத அளவு. ஆனால் வாங்கியது அந்த முதல் வகைச் சான்றிதழ். இதற்குப் பின்னால் நின்ற அமைப்பு, 1982இல் பாஸ்டன் பகுதி வீடுகளுக்குக் கணப்பு எண்ணெயைக் கூட்டாக மலிவில் வாங்கித் தரத் தொடங்கிய நுகர்வோர் கூட்டணி. எண்ணெய் வாங்கப் பிறந்த சங்கம் காற்றாலைக்கு வழக்காடும் சங்கமாக மாறியது தனிக் கதை. 2017இல் புரூக்லைன் 25 சதவீதம் கூட்டியது. அதே ஆண்டு லெக்சிங்டன், ஒன்றும் சொல்லாதவருக்குக் கிடைக்கும் இயல்புநிலையையே நூறு சதவீதம் ஆக்கியது. நியூட்டன் 2019இல், அன்றைய கட்டாயமான 14க்கு மேல் 46 சேர்த்து 60 சதவீதத்தில் தொடங்கியது. பல ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உண்டு. மலிவாக வேண்டும் என்பவர் கீழே இறங்கலாம், முழுப் பசுமை வேண்டும் என்பவர் மேலே ஏறலாம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் கொஞ்சம் பேர்தான். மற்ற எல்லாரும் வைத்த இடத்திலேயே இருப்பார்கள்.

ஆயிரம் வீடுகளில் ஐம்பது வீடு தானாக முன்வந்து நூறு சதவீதத்துக்கு மாறுவதைவிட, எண்ணூறு வீடு தெரியாமலே 25 சதவீதம் கூடுதலாக வாங்குவது குறைந்தது நான்கு மடங்கு பெரிய காரியம். குழுக்களுக்கு இந்தக் கணக்கு அத்துபடி. இயல்புநிலையை எங்கே வைப்பது என்பது ஒருவிதத்தில் வரிவிதிப்பு. வரி என்ற பெயர் இல்லாததால் அதற்குரிய சண்டையும் நடப்பதில்லை. வசதியான புறநகரில் யாரும் கவனிக்காத ஐந்து டாலர், ஆலைத் தொழிலாளர் ஊரில் கவனிக்கப்படும். அதனால் இந்தச் சதவீதத்தை வைத்து ஊரின் பசுமை நாட்டத்தை அளப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பெரும்பாலும் அது ஊரின் வருமானத்தைத்தான் காட்டும்.

காகிதச் சான்றிதழ் எதற்கு, நாமே ஒரு காற்றாலை வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. அதற்கு மாநிலத்திலேயே இரண்டு எதிரெதிர் பாடங்கள் இருக்கின்றன. பாஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் நீண்டு கிடக்கும் ஹல் என்ற ஊரில் 1985இல் உயர்நிலைப் பள்ளி அருகே 40 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார்கள். 1997இல் புயல் அதை முறித்தது. பன்னிரண்டு ஆண்டு அதோடு வாழ்ந்து பழகிய ஊர்க்காரர்கள் அந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பொறுக்கவில்லை. 2001இல் அங்கேயே 660 கிலோவாட் இயந்திரம் வந்தது; 2006இல் மூடப்பட்ட குப்பைமேட்டின் மேல் 1.8 மெகாவாட் இயந்திரம். ஹல்லுக்கு ஒரு வசதி இருந்தது: அதன் மின் விநியோகம் நகரத்துக்கே சொந்தம். மாநிலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இத்தகைய நகர மின்துறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து உருவானவை. 1997 சட்டத்தின் போட்டி அவற்றைத் தொடவில்லை. விளையும் மின்சாரத்தின் வரவும் செலவும் ஊர்க் கணக்கிலேயே விழுந்தன.

கேப் காட்டில் இருக்கும் ஃபால்மத் நகரமும் நல்லெண்ணத்தோடுதான் தொடங்கியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய வளாகத்தில் 2010இல் ஒரு 1.65 மெகாவாட் இயந்திரம், பிறகு இன்னொன்று. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்க முடியவில்லை, தலைவலிக்கிறது என்று புகார் சொன்னார்கள். ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2017இல் நீதிமன்றம் இரண்டையும் தொல்லை என்று தீர்ப்பளித்து நிறுத்தச் சொன்னது. பின்னர் கழற்றி எடுத்தார்கள். ஹல்லில் முதலில் வந்தது சிறியது. பெரியதைக் கேட்டது ஊரே. ஃபால்மத்தில் ஊர் முதலில் பார்த்ததே பெரியதுதான். இதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, வீடுகளின் தூரமும் இயந்திரத்தின் வகையும் வேறு. ஆனாலும் கூட்டத்தில் வாக்கெடுத்து வென்றுவிட்டோம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு ஈடாகாது என்பதை அந்த ஊர்க் குழு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அதிகாரத்தின் எல்லை இன்னொரு பக்கமும் இடிக்கும். புரூக்லைன் டவுன் மீட்டிங் 2019 நவம்பரில், புதிய கட்டடங்களில் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் குழாய் போடத் தடை விதித்தது. கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அதை ரத்துசெய்தது. தனிச் சப்ளையர்களை அம்பலப்படுத்திய அதே ஹீலியின் அலுவலகம். நோக்கம் நல்லது, ஆனால் கட்டட விதியும் வாயு விதியும் மாநிலத்தின் கையில் இருக்கின்றன, நகரம் மீற முடியாது என்பது காரணம். 2022இல் மாநிலச் சட்டம் பத்து ஊர்களுக்குச் சோதனை முறையில் அந்த உரிமையைத் தந்தது. மின்சாரத் திரட்டல் பிழைத்ததற்குக் காரணம் அது இன்னும் துணிச்சலானது என்பதல்ல. 1997இலேயே சட்டத்தில் இடம் இருந்தது என்பதுதான். தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றுவது, பள்ளிக் கட்டடத்துக்குக் காப்புறை போடுவது, 2008ஆம் ஆண்டின் பசுமைச் சமூகச் சட்டப்படி ஐந்தாண்டில் நகர நிர்வாகத்தின் எரிசக்திச் செலவை 20 சதவீதம் குறைக்கத் திட்டம் போட்டு மாநில மானியம் வாங்குவது ஆகிய மற்ற வேலைகளுக்கும் இதே விதிதான்.

இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. தானாகச் சேர்க்கப்படுவது அடிப்படைச் சேவையில் இருப்பவர்கள் மட்டும். ஏற்கெனவே ஒரு தனிச் சப்ளையரிடம் கையெழுத்திட்டவரை நகரம் தொட முடியாது; அவருக்கு அந்தக் கடிதமே வராது. தனிச் சப்ளையர்களிடம் ஏழைகளே அதிக விகிதத்தில் சிக்கினார்கள் என்று 2018 அறிக்கை சொன்னதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சும்மா இருந்தாலே நன்மை வந்து சேரும்படி கட்டிய ஏற்பாடு, யாருக்கு அது மிகவும் தேவையோ அவர்களைச் சும்மா இருந்தால் வெளியே நிறுத்துகிறது. அவர்கள் தாமாக நகரத் திட்டத்துக்கு எழுதிச் சேர வேண்டும். முதலில் தாம் வெளியே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த வேலைக்கு இயல்புநிலை உதவாது, ஆள்தான் வேண்டும். சில ஊர்க் குழுக்கள் நூலகத்திலும் வாரச் சந்தையிலும் மேசை போட்டு, பில்லைக் கொண்டுவாருங்கள் என்று அழைக்கிறார்கள். பார்க்க வேண்டியது, சரக்கு விலை இருக்கும் பக்கத்தில் சப்ளையர் பெயருக்கு எதிரே உள்ள வரி. அங்கே கம்பிக் கம்பெனியும் இல்லாமல் நகரத் திட்டத்தின் சப்ளையரும் இல்லாமல் மூன்றாவது பெயர் ஒன்று இருந்தால், யூனிட் விலையை நகர விலையோடு வைத்துப் பார்க்க வேண்டும்; ஒப்பந்தத்தை முறித்தால் எவ்வளவு அபராதம் என்று கேட்க வேண்டும்; பிறகு அந்தச் சப்ளையரைக் கூப்பிட்டு ரத்துசெய்துவிட்டு நகரத் திட்டத்தில் பெயர் கொடுக்க வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு இதில் எந்தப் படியும் எளிதல்ல. ஒரு பில்லுக்கு அரை மணி நேரம்கூட ஆகும்.